இயல்பூக்கம் என்னும் சோம்பல்

மொழியியல் அறிமுக வகுப்புகளில் தேனீக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்லைடு. சார்லஸ் ஹாக்கெட்டின் பண்புப் பட்டியல் திரையில் தோன்றும். தேனடையின் மேல் எட்டு வடிவில் ஆடும் தேனீயின் படம் வரும். உணவிருக்கும் திசையையும் தொலைவையும் அந்த ஆட்டம் பிற தேனீக்களுக்குத் தெரிவிக்கிறது என்று ஆசிரியர் சொல்வார். மாணவர்கள் வியந்து முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும்: இது பிறவியிலேயே அமைந்த இயல்பூக்கம், தேனீ எதையும் கற்பதில்லை, ஆகவே இது மொழியன்று. தேனீ மேடையிலிருந்து இறங்க, மனிதன் ஏறுவான்.

அந்த ஆட்டம் மொழியன்று என்னும் முடிவோடு எனக்குச் சண்டையில்லை. எமீல் பென்வெனிஸ்த் 1952இலேயே அதற்குத் தக்க காரணங்களைக் காட்டிவிட்டார். ஆட்டத்துக்கு மறுமொழி கிடையாது. தான் நேரில் காணாத ஒன்றை இன்னொரு தேனீயின் செய்தியிலிருந்து எடுத்து மூன்றாவது தேனீக்கு உரைப்பதும் கிடையாது. பேசுபொருள் உணவைச் சுற்றியே நிற்கிறது. இவையெல்லாம் நேர்மையான காரணங்கள். வேண்டுவோர் இவற்றை வைத்தே வகுப்பை நடத்தலாம். என் வழக்கு 'தேனீ எதையும் கற்பதில்லை' என்ற அந்த நடுவரியின் மேல் மட்டும். அது பொய். நூறாண்டுகளுக்கு முன்பே பொய்யென்று நிறுவப்பட்டதை ஆண்டுதோறும் படியெடுத்து மாணவர் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பொய் வகுப்பறையோடு நின்றுவிட்டாலும் பொறுத்துக்கொள்ளலாம். அது வயல்வரை போகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பூவுக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பைத் தேனீ ஏன் கற்றாக வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். வேலைக்காரத் தேனீ தன் வாழ்வின் முதல் மூன்று வாரங்களில் பெரும்பகுதியைக் கூட்டின் இருளிலேயே கழிக்கிறது. அதன்பின் இரைதேடி வெளியே பறக்கும் காலம் இன்னும் இரண்டு மூன்று வாரங்கள்தாம். அந்தச் சில வாரங்களில் கூட்டைச் சுற்றி எது பூத்திருக்கும் என்பதை எந்த மரபணுவும் முன்கூட்டியே எழுதிவைக்க இயலாது. குடகு மலைகளில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோடைமழை விழுந்த சில நாட்களுக்குள் காப்பித் தோட்டங்கள் ஒருசேர வெள்ளையாய்ப் பூத்து, மேலும் சில நாட்களில் உதிர்ந்துவிடுகின்றன. அங்கு விளையும் ரோபஸ்டா காப்பி அயல் மகரந்தம் இன்றிக் காய்க்காது. அந்த வேலையில் பெரும்பங்கு நம் மலைத்தேனீயுடையது. போன வாரம் இல்லாத மணம் இந்த வாரம் சரிவெல்லாம் நிறைந்திருக்கிறது. அடுத்த வாரம் அது இராது. பிறகு வேறொரு மரம், வேறொரு நிறம், வேறொரு வேளையில் ஊறும் தேன். பிறவியறிவை மட்டும் கட்டிக்கொண்டு இந்த உலகத்தில் இறங்கும் உயிர் பட்டினி கிடக்கும்.

செடிகளும் இந்தக் கற்றலை நம்பியே பிழைக்கின்றன. ஜெரால்டின் ரைட்டும் அவர் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. காப்பிச் செடியும் எலுமிச்சை, ஆரஞ்சு இனங்களும் தம் பூந்தேனில் மிகச் சிறிதளவு காஃபீன் கலந்து வைக்கின்றன. தேனீ கசப்பென்று விலகாத அளவு. காஃபீன் கலந்த சர்க்கரைக் கரைசலோடு ஒரு மணத்தைக் கற்ற தேனீக்களில், 24 மணி நேரம் கழித்தும் அந்த மணத்தை நினைவில் வைத்திருந்தவை, வெறும் சர்க்கரையோடு கற்றவற்றைப் போல மூன்று மடங்கு. எதையும் கற்காத உயிருக்கு நினைவாற்றலைக் கூட்டும் மருந்தை எந்தச் செடி கலந்து கொடுக்கும்? காப்பிச் செடிக்குத் தெரிந்தது நம் பாடத்திட்டக் குழுவுக்குத் தெரியவில்லை.

இனி வரலாறு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்ல் ஃபான் ஹெஸ் என்னும் பெயர்பெற்ற ஜெர்மன் கண் மருத்துவர், தேனீக்கு நிறமே தெரியாது என்று முடிவு கட்டினார். அவர் செய்த சோதனை எளிது: இருட்டில் அடைபட்ட தேனீக்களுக்கு வெவ்வேறு நிற ஒளிகளைக் காட்டி, எதை நோக்கி ஓடுகின்றன என்று பார்த்தார். அவை நிறத்தைப் பொருட்படுத்தாமல் எது வெளிச்சமாகப் பட்டதோ அதை நோக்கி ஓடின. முழு நிறக்குருடுள்ள மனிதன் எப்படி நடந்துகொள்வானோ அப்படி. இதில் வேடிக்கை என்னவென்றால், ஹெஸ் கண்டது உண்மை. தப்பியோடும் தேனீ நிறத்தைப் பார்ப்பதில்லை. வெளிச்சத்தை மட்டுமே பார்க்கிறது. அவர் கேட்ட கேள்விதான் தவறு. சிறைப்பட்டு அஞ்சி ஓடும் உயிரிடம் 'உனக்கு என்ன தெரியும்' என்று கேட்டால், 'வாசல் எங்கே' என்பதுதான் விடையாக வரும்.

1914இல் இளைஞரான கார்ல் ஃபான் ஃபிரிஷ் பசித்த தேனீயிடம் கேட்டார். நீல அட்டையின் மேல் சர்க்கரைக் கரைசல் வைத்துப் பழக்கினார். பிறகு, வெளிர்சாம்பல் முதல் கருஞ்சாம்பல் வரை பல படிநிலைகளில் அமைந்த சாம்பல் அட்டைகளுக்கு நடுவே ஒரு நீல அட்டையை இடம் மாற்றி வைத்தார். எந்தத் தட்டிலும் சர்க்கரை இல்லை. தேனீக்கள் நீலத்தில் வந்து குவிந்தன. நீலத்தை வெளிச்சத்தின் அளவால் மட்டும் அறிந்திருந்தால் ஏதோ ஒரு சாம்பலோடு அதைக் குழப்பியிருக்க வேண்டும், குழப்பவில்லை. சிவப்பு அட்டையில் பழக்கியபோது கருமையோடு குழப்பின. தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு இருட்டு.

நிறப்பார்வையை நிறுவிய சோதனை என்றே இது பாடநூல்களில் இடம்பெறுகிறது. அது உண்மைதான். ஆயினும் அச்சோதனை எதன்மேல் நிற்கிறது என்பதைப் பாருங்கள். நீலத்துக்கும் சர்க்கரைக்கும் இயற்கையில் உறவு ஏதுமில்லை. அந்த உறவை ஃபிரிஷ் அன்று காலையில் உண்டாக்கினார். தேனீ அதை அன்றே கற்றுக்கொண்டது. கற்றல் இல்லையென்றால் சோதனையே இல்லை. பிற்காலத்தில் 1973இல் நோபல் பரிசு வரை சென்ற ஆட்ட ஆய்வுகளும், தட்டுக்கு வந்துபோகக் கற்ற தேனீக்களை வைத்து நடத்தப்பட்டவையே. நம் ஸ்லைடில் ஆடுகிறதே அந்தத் தேனீ, அது ஏற்கெனவே ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்துதான் ஆடுகிறது.

ஃபிரிஷுக்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1910இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒருவர் நிற வட்டுகளிலும் கூம்புகளிலும் பெட்டிகளிலும் தேன் வைத்துத் தேனீக்களைப் பழக்கி, நிறத்தைத் தேனோடு அவை இணைத்துக்கொள்வதைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு கோலங்களையும் அப்படியே கற்கின்றன என்று காட்டினார். அவர் பெயர் சார்லஸ் ஹென்றி டர்னர். கறுப்பினத்தவர். 1907இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 70க்கும் மேற்பட்ட ஆய்வுரைகள் எழுதியவர். எந்த ஆய்வுப் பல்கலைக்கழகத்திலும் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. சம்னர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டு, ஆய்வகமும் ஆய்வு மாணவர்களும் இல்லாமல் இத்தனையும் செய்தார். சாம்பல் அட்டைகள் என்னும் கூர்மையான கட்டுப்பாடு ஃபிரிஷுடையது; அந்தப் பெருமையை அவரிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. டர்னரின் சிவப்பு வட்டுகளை அவருடைய தேனீக்கள் இருட்டாகவே கண்டிருக்கக்கூடும். ஆனால் தேனீயை எதிர்வினைப் பொறியாகப் பார்ப்பதா, அனுபவத்தால் மாறும் உயிராகப் பார்ப்பதா என்ற கேள்வியை 1910இலேயே சோதனைக் களத்தில் நிறுத்தியவர் அவர். எவருடைய கற்றல் கற்றலாகக் கணக்கில் கொள்ளப்படுகிறது என்பது தேனீக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று என்பதை, பணி நிலையில்லாத ஆசிரியர்களாலேயே பாதி ஓடும் நம் துறைகளில் நான் விளக்கத் தேவையில்லை.

1931இல் எலிசபெத் ஓப்ஃபிங்கர் செய்த சோதனை எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது. தேனீ தட்டை நெருங்கும்போது ஒரு நிறம், உட்கார்ந்து குடிக்கும்போது இன்னொரு நிறம், கிளம்பும்போது மூன்றாவது நிறம் என்று அடியிலுள்ள நிறத்தை அவர் மாற்றிக்கொண்டே இருந்தார். மறுமுறை தேனீ எந்த நிறத்தைத் தேடி வந்தது? நெருங்கும்போது கண்ட நிறத்தை. குடிக்கும்போது காலடியிலேயே கிடந்த நிறமும் புறப்படும்போது கண்ட நிறமும் உணவின் அடையாளமாக ஒட்டவில்லை. நிறமும் இனிப்பும் வெறுமனே ஒரே இடத்தில் இருந்ததால் இணையவில்லை. இனிப்புக்குச் சற்று முன்னர் வந்து அதை அறிவித்த நிறமே இணைந்தது. முன்னது பின்னதைச் சுட்டுகிறது. குறிக்கும் குறிக்கப்படும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு பருவம் முழுவதும் பேசுகிற நமக்கு, ஒரு பூச்சி குறியை எப்படி உண்டாக்கிக்கொள்கிறது என்பதை இரண்டு மணி நேரத்தில் காட்டும் இந்தச் சோதனை ஏன் கண்ணில் படுவதில்லை?

இன்று ஆய்வகங்களில் வழக்கமாக நடக்கும் சோதனை இதனினும் எளியது. தேனீயைச் சிறு குழாயில் தலை மட்டும் வெளியே தெரியும்படி பொருத்துவார்கள். உணர்கொம்பில் சர்க்கரைக் கரைசல் பட்டால் அது தன் உறிஞ்சுகுழலை நீட்டும். இது பிறவியில் அமைந்தது, மறுப்பாரில்லை. இப்போது சில நொடிகள் ஒரு மணத்தை வீசச்செய்து, அது தீருமுன் சர்க்கரையைத் தொடுவார்கள். அடுத்த முறை மணம் வந்த அளவிலேயே உறிஞ்சுகுழல் நீளும். பல தேனீக்களுக்கு ஒரே பாடம் போதுமானது. இடைவெளி விட்டு மூன்று முறை கற்பித்தால் நினைவு நாட்கணக்கில் நிற்கிறது. 1993இல் மார்ட்டின் ஹாம்மர், சர்க்கரையின் செய்தியைத் தேனீயின் மூளையெங்கும் கொண்டுசெல்லும் ஒற்றை நரம்பணு ஒன்றை இனங்கண்டார். (அதற்குப் பெயர் என்று எதுவுமில்லை, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோவைதான், விட்டுவிடுவோம்.) மணத்தை வீசியபின் சர்க்கரை கொடுக்காமல் அந்த ஒரு நரம்பணுவை மட்டும் மின்னூட்டித் தூண்டினார். தேனீ கற்றது. வரிசையை மாற்றி முதலில் தூண்டிவிட்டுப் பின்பு மணத்தை வீசியபோது கற்கவில்லை. ஓப்ஃபிங்கர் நிற அட்டைகளில் கண்ட அதே விதி, பத்து லட்சத்துக்கும் குறைவான நரம்பணுக்கள் கொண்ட மூளையின் உள்ளே.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வருமென்று எனக்குத் தெரியும். 'இது வெறும் கண்டிஷனிங். பாவ்லோவின் நாய் செய்ததுதானே' என்பது அது. 'வெறும்' என்ற சொல் ஆய்வுலகில் ஆராயாமல் விட்டதற்கெல்லாம் போடும் மூடி. மூடியைத் திறந்து பார்ப்போம். இரண்டு மணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே வந்தால் இரண்டுக்குமே சர்க்கரை உண்டு. சேர்ந்து வந்தால் இல்லை. மணங்களைத் தனித்தனியே கூட்டிக் கணக்கிடும் பொறி, சேர்க்கைக்கு இரட்டிப்பு ஆவலோடு உறிஞ்சுகுழலை நீட்டவேண்டும். தேனீ சேர்க்கைக்கு நீட்டாமலிருக்கக் கற்றுக்கொள்கிறது. 2001இல் இது காட்டப்பட்டது. உறுப்புகளின் பொருளைக் கூட்டினால் முழுமையின் பொருள் வராது என்பதை அன்மொழித்தொகைக்கு நாம் சொல்லிக்கொடுக்கிறோம். தேனீக்கு அன்மொழித்தொகை தெரியும் என்று நான் சொல்லவரவில்லை. கூட்டல் கணக்கைத் தாண்டிய ஒன்றை அது செய்கிறது என்று மட்டும் சொல்கிறேன். அதே ஆண்டு மார்ட்டின் ஜியுர்ஃபாவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனை இன்னும் தொலைவு போகிறது. கவராய்ப் பிரியும் வழியின் நுழைவாயிலில் ஒரு நிறம். உள்ளே இரு கிளைகளிலும் இரு நிறங்கள். நுழைவாயிலில் கண்டதையே உள்ளேயும் தேர்ந்தால் சர்க்கரை. இதைக் கற்ற தேனீக்களுக்கு நிறங்களை எடுத்துவிட்டுக் கோடுகளை வைத்தபோது, முன்பு கண்டிராத கோடுகளிலும் ஒத்ததையே தேர்ந்தன. மணங்களில் கற்றவை நிறங்களில் தேர்ந்தன. அவை கற்றது ஒரு நிறத்தை அன்று, 'அதுவே' என்னும் உறவை. பாவ்லோவின் நாயைத் துணைக்கழைத்து இதைக் கடந்துவிட முடியாது.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பூவையே காணாத இளந்தேனீக்குச் சில விருப்பங்கள் பிறவியிலேயே உண்டு. நீலமும் ஊதாவும் அதை முதலில் ஈர்க்கின்றன. எல்லா நிறங்களையும் ஒரே விரைவில் அது கற்பதும் இல்லை. ஊதாவை மிக விரைவாகவும் நீலப்பச்சையை மெதுவாகவும் கற்கிறது. மணத்தை நிறத்தைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. ஆட்டத்தின் அளவுகோல் இனத்துக்கினம் வேறுபடுவதையும், கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, மலைத்தேனீ மூன்றும் ஒரே தொலைவை வெவ்வேறு கால அளவுள்ள ஆட்டங்களால் குறிப்பதையும் தென்னிந்தியாவில் நடத்தி 2020இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. பிறவியின் பங்கு பெரிது. ஆனால் பிறவியில் அமைந்தவையே கற்றலுக்கு வழிகாட்டுகின்றன. ஜேம்ஸ் கூல்டும் பீட்டர் மார்லரும் 1987இல் எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பே இயல்பூக்கத்தால் கற்றல் என்பதுதான்.

இதைக் கேட்டு மொழியியலார் திகைக்கலாகாது. குழந்தைக்கு நாம் சொல்வது இதையேதான் அல்லவா? மொழிக்கென ஓர் உள்ளார்ந்த ஆற்றலோடு குழந்தை பிறக்கிறது என்று சாம்ஸ்கி வழியினர் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாதிடுகின்றனர். ஸ்டீவன் பிங்கர் 1994இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே மொழியை இயல்பூக்கம் என்று அழைத்தார். ஆகையால் குழந்தை எதையும் கற்பதில்லை என்று எவராவது முடிவு கட்டினார்களா? இல்லை. உள்ளார்ந்த ஆற்றல் இருப்பதால்தான் தமிழோ சந்தாலியோ அதனால் இத்தனை விரைவில் கற்க முடிகிறது என்றோம். ஒரே சொல் மனிதக் குழந்தையின் தலையில் மகுடமாகவும் தேனீயின் கழுத்தில் அட்டையாகவும் தொங்குகிறது. தமிழில் இச்சொல்லின் நிலை இன்னும் மோசம். விலங்குக்கு வந்தால் 'இயல்பூக்கம்', கவிஞருக்கு வந்தால் 'உள்ளுணர்வு'. ஒரே ஆங்கிலச் சொல்லின் இரு பெயர்ப்புகளில் ஒன்றைத் தொழுவத்திலும் மற்றொன்றைப் பூசையறையிலும் வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. ஹாக்கெட் 1960இல் வெளியிட்ட அட்டவணையில், மரபுவழிக் கடத்தல் என்னும் கட்டத்தில் தேனீயின் ஆட்டத்துக்கு எதிரே ஐயக்குறிப்போடுதான் மறுப்பை எழுதினார். அந்த ஐயத்தைப் படியெடுத்தவர்கள் கைவிட்டார்கள். 2023இல் சீனத்தின் யுன்னானைச் சேர்ந்த ஆய்வாளர்களும் ஜேம்ஸ் நீயும் செய்த சோதனையில், மூத்த ஆட்டக்காரர்களே இல்லாதபடி ஒத்த வயதுடைய இளந்தேனீக்களை மட்டும் கொண்டு கூடுகள் அமைக்கப்பட்டன. பார்த்துப் பழக ஆளில்லாமல் வளர்ந்த அவற்றின் முதல் ஆட்டங்கள் ஒழுங்கற்றிருந்தன. திசையும் பிழை, தொலைவும் பிழை. நாள் ஆக ஆகத் திசை திருந்தியது. தொலைவைக் குறிக்கும் முறை வாழ்நாள் முழுவதும் திருந்தவேயில்லை. உரிய பருவத்தில் கேளாதவை பின்னர் முழுமையாக வாய்ப்பதில்லை என்று நாம் எதைப் பற்றிப் பாடம் நடத்துகிறோம் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முழு ஆட்டமும் கற்கப்படுகிறது என்று இது காட்டவில்லை. 'எதையும் கற்பதில்லை' என்பதற்கு இனி இடமில்லை என்று காட்டுகிறது.

எதிர்முனையில் இருப்போருக்கும் ஒரு சொல். இத்தகைய ஆய்வொன்று செய்தியில் வந்தவுடன் 'தேனீக்கும் மொழி உண்டு' என்று பகிர்வோர் ஒருபுறம். குறுந்தொகையின் இரண்டாம் பாடலை ஒட்டி, 'இதைச் சங்கப் புலவன் அன்றே அறிந்திருந்தான்' என்போர் மறுபுறம். அப்பாடலில் தலைவன் தும்பியைச் சாட்சிக்கு அழைக்கிறான் என்பது அழகுதான். ஆனால் அது சாம்பல் அட்டைகளை வைத்துச் செய்த சோதனை ஆகிவிடாது. மரபிலிருந்து எடுத்தே தீருவேன் என்போர் தொல்காப்பியத்தின் மரபியலை நிதானமாகப் படிக்கலாம். தும்பியை நண்டோடு சேர்த்து நான்கறிவு உயிராக வகுத்த ஆசிரியர், மக்களுக்கு ஆறறிவு என்று சொன்ன கையோடு அந்த வகையில் வேறு உயிர்களுக்கும் இடம் விட்டுவைத்தார். அந்த இடத்தை உரைகாரர்கள் எவரைக் கொண்டு நிரப்பினார்கள் என்பது வேறு கதை. கதவை முழுக்கச் சாத்தவில்லை என்பது கவனத்துக்குரியது. நம் ஸ்லைடு சாத்திவிடுகிறது.

இப்போது வயலுக்கு வருகிறேன். இமிடாகுளோப்ரிட், தையமீத்தாக்சாம், குளோத்தியானிடின் ஆகியவை நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள். விதையில் பூசினால் செடியெங்கும் பரவி, பூந்தேனிலும் மகரந்தத்திலும் சிறிதளவு வந்து சேரும். பூச்சியின் மூளையில் நரம்பணுவுக்கு நரம்பணு செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினின் ஏற்பிகளில் இவை போய் அமர்கின்றன. தேனீயின் மூளையில் மணமும் நினைவும் சந்திக்கும் காளான் வடிவப் பகுதியின் அணுக்கள் இந்த ஏற்பிகளை நம்பியே இயங்குகின்றன. இமிடாகுளோப்ரிட் அவ்வணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது என்பது 2013இல் காட்டப்பட்டது. கொல்லாத அளவில் தையமீத்தாக்சாம் உண்ட தேனீக்களின் முதுகில் நுண்ணடையாள வில்லை ஒட்டிப் பறக்கவிட்டபோது, அவற்றில் பல கூடு திரும்பவில்லை என்று 2012இல் மிக்காயேல் ஆன்ரி குழுவினர் கண்டனர். நம் அடுக்குத்தேனீயின் இனமான ஏபிஸ் செரானாவைக் கொண்டே 2015இல் நடந்த ஆய்வில், புழுப்பருவத்தில் இமிடாகுளோப்ரிட் உண்டவையும், வளர்ந்தபின் உண்டவையும் மணங்களைக் கற்பதில் பின்தங்கின. அதே குழாய், அதே மணம், அதே சர்க்கரை.

இனி, பூச்சிக்கொல்லி ஒன்று தேனீக்குத் தீங்கா என்பதை உலகெங்கும் முதலில் முடிவு செய்யும் அடிப்படைச் சோதனையைப் பாருங்கள். மருந்தைக் கொடுத்து, 48 மணி நேரத்தில் எத்தனை செத்தன என்று எண்ணுவார்கள். பாதி சாகும் அளவு எதுவோ, அது அட்டவணையில் ஏறும். உயிரோடிருந்து, பூவுக்கு வந்து, எந்த மணம் எதை அறிவித்தது என்பதை மறந்துபோன தேனீ இந்தக் கணக்கில் நலமாக இருக்கிறது. மறந்த தேனீ கூட்டுக்கு வெறுங்கையோடு வரும், அல்லது வராது. அப்படி வராதவற்றின் உடலும் எண்ணுவதற்குக் கிடைப்பதில்லை.

சோதனை முறையை வகுத்தவர்கள் மொழியியல் ஸ்லைடைப் பார்த்து வகுத்தார்கள் என்று நான் சொல்வதாக எவரும் திரித்துவிட வேண்டாம். இரண்டும் ஒரே படிமத்தின் பிள்ளைகள். தேனீ ஒரு பொறி என்றால் அது ஓடுகிறதா நின்றதா என்று பார்த்தாலே போதும். தேனீ கற்கும் உயிர் என்றால் அதன் அறிவுக்கு நேரும் கேடும் கேடாக எண்ணப்பட்டாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இம்மூன்றையும் 2018இல் திறந்தவெளிப் பயன்பாட்டிலிருந்து விலக்கியது. அந்த விவாதத்தில் கொல்லாத அளவின் தீங்குகளும் எடை பெற்றன. இங்கே இமிடாகுளோப்ரிட் இன்றும் கடைக்குக் கடை கிடைக்கிறது. பருத்தி விவசாயியைக் குற்றஞ்சொல்வது என் நோக்கமன்று. சாறுறிஞ்சும் பூச்சியிடம் தோற்றால் அவருக்கு அந்த ஆண்டே இல்லை. தெரிந்ததைக் கேட்காத நிறுவனங்களையும், கேட்கத் தூண்டாத துறைகளையும் சொல்கிறேன்.

பூச்சிக்கொல்லி மட்டும் அன்று. கடுகின் இனமான ரேப் செடியின் பூமணத்தை டீசல் புகையோடு கலந்தபோது மணத்தின் கூறுகள் சில ஒரு நிமிடத்துக்குள் அழிந்தன என்று 2013இல் பிரிட்டனில் கண்டார்கள். முழு மணத்தைக் கற்ற தேனீக்களுக்கு அக்கூறுகள் குறைந்த மணத்தைக் காட்டியபோது பல அதை அடையாளம் காணவில்லை. பூ இருக்கிறது, தேன் இருக்கிறது, தேனீயும் நலம், குறி சிதைந்துவிட்டது. இதை இயல்பூக்கக் கோளாறு என்று எந்தப் பட்டியலில் எழுதுவது? கற்றல் என்று பெயர் வைத்தால்தான் இந்த இழப்புக்கு ஒரு கட்டமாவது கிடைக்கும்.

இதே அறிவு பயனுக்கும் உதவும் என்பதற்கு அர்ஜென்டினாவில் வால்டர் ஃபரினா குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டலாம். சூரியகாந்தியின் மணத்தை ஒத்த செயற்கைக் கலவையைச் சர்க்கரைக் கரைசலில் சேர்த்துக் கூட்டுக்குள்ளேயே ஊட்டினார்கள். தேனீக்கள் வெளியே போகுமுன்பே பாடம் முடிந்தது. அவை சூரியகாந்தியை மிகுதியாக நாடின. விளைச்சல் 29 முதல் 57 விழுக்காடு வரை உயர்ந்தது.

பருவம் தொடங்கப்போகிறது; பாடத்திட்டத்தில் கைவைக்கும் நிலையிலுள்ளவர்கள் இந்தப் பதிவைப் படிப்பார்கள் என்ற எண்ணத்தில் இரண்டு வேண்டுகோள்கள். மொழியியல் துறை நண்பர்கள் அந்த ஸ்லைடை எடுத்துவிட வேண்டாம்; நடுவரியை நீக்கிவிட்டு, ஹாக்கெட்டின் ஐயக்குறிப்பை இருந்த இடத்தில் திரும்ப வைத்து, டர்னரையும் ஓப்ஃபிங்கரையும் 2023ஆம் ஆண்டு ஆய்வையும் சேர்த்து, வகுப்பை இருபது நிமிடமாக நீட்டுங்கள். ஆட்டம் ஏன் மொழியன்று என்பதற்கு அதன்பின் மாணவர்கள் தாமே நல்ல காரணம் தேடுவார்கள். வேளாண்மை, விலங்கியல் துறைகளில் முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு: குழாய்ச் சோதனைக்கு வேண்டியவை நறுக்கிய உறிஞ்சுகுழாய்கள், ஒட்டுநாடா, பனிக்கட்டி, சர்க்கரை, பல்குத்தும் குச்சி, கிராம்பு எண்ணெயோ வேறு மண எண்ணெயோ, ஒரு சிரிஞ்சு. அடுக்குத்தேனீப் பெட்டி பெரும்பாலான வேளாண் கல்லூரிகளில் உண்டு. உங்கள் மாவட்டத்தில் பூக்கும் பருவத்தில் தெளிக்கப்படும் மருந்து எது என்று அருகிலுள்ள கடையில் கேளுங்கள். அதைக் கொல்லாத அளவில் ஒரு குழுவுக்குக் கொடுத்து, மற்றொரு குழுவுக்கு வெறும் சர்க்கரை கொடுத்து, மறுநாள் எத்தனை தேனீக்கள் மணத்துக்கு உறிஞ்சுகுழலை நீட்டுகின்றன என்று எண்ணுங்கள். செத்தவற்றை எண்ணும் கட்டத்துக்கு அடுத்து, மறந்தவற்றுக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.